கைக்குள் ஒரு மைதானம்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. கைப்பேசி விளையாட்டுகளால் மாணவர்க்கு விளைவது நன்மையா, தீமையா என்பது தலைப்பு. தீமை அணியினர் கண் கெடும், படிப்பு கெடும், பண்பு கெடும் என்று அடுக்கினார்கள். நன்மை அணியினர் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களைப் போலத் தயங்கித் தயங்கிப் பேசினார்கள். தீமையே என்று நடுவர் தீர்ப்பளித்தார். நானும் கைதட்டினேன். பிறகு நெய்வேலிக்குப் பேருந்து ஏறி, சன்னலோரம் இடம் பிடித்து, கைப்பேசியை எடுத்து, காலையில் பாதியில் நின்ற கிரிக்கெட் ஆட்டத்தைத் தொடர்ந்தேன். வெற்றிக்கு இன்னும் 14 ஓட்டங்கள் வேண்டியிருந்தன!

கைதட்டிய கையும் விளையாடிய கையும் ஒன்றுதானே என்ற உறுத்தல் அன்று தொடங்கியது. ஒருவரிடமுள்ள குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, எது மிகுதியோ அதைக் கொண்டு முடிவு செய்யச் சொன்னார் வள்ளுவர். மனிதரைப் பற்றி அவர் சொன்னதைக் கைப்பேசிக்குள் இருக்கும் கிரிக்கெட்டுக்கும் பொருத்திப் பார்த்தால் என்ன? அந்த முயற்சியே இக்கட்டுரை. நடுவரோடு வழக்காட நான் வரவில்லை. சாட்சி சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் ஊரும் மைதானமும்

நெய்வேலியை அறியாத நண்பர்களுக்காக இரண்டொரு சொல். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அகற்றி அகற்றி, 1961-இல்தான் கரி முதன்முதலாக வெயிலைக் கண்டது. கரிக்காக வந்த குடும்பங்களுக்கென்று கோடு போட்டு அமைத்தாற்போல ஒரு நகரியம் எழுந்தது. அதன் பகுதிகளை நாங்கள் 'வட்டம்' என்போம். வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ்; வாசலில் மரங்கள்; நடுநடுவே திறந்த வெளி. அப்பாக்கள் இரண்டாம் ஷிப்டுக்குப் போன பிறகு, மாலை நேரங்களில் அந்தத் திறந்த வெளி பிள்ளைகளின் ராஜ்யம்.

மூன்று செங்கல்லை அடுக்கினால் ஸ்டம்பு. ரப்பர் பந்து. பந்து எவர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் விழுகிறதோ அடித்தவர் அவுட். எடுத்து வருவதும் அவர் பொறுப்பு. இந்தச் சட்டங்களை எந்தக் கழகமும் இயற்றவில்லை. ஆயினும் மீறியவர் மறுநாள் ஆட்டத்தில் இருக்க முடியாது.

நானும் அந்த ஆட்டத்தில் இருந்தேன். ஆனால் எப்படி இருந்தேன்? 'உப்புக்குச் சப்பாணி'யாக! இந்தச் சொல்லை அறியாதார் நம்மில் குறைவு. ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டது போலும் இருக்க வேண்டும், கணக்கில் வரவும் கூடாது என்றால் அந்தப் பிள்ளைக்கு இந்தப் பட்டம். எல்லைக் கோட்டுக்கு அப்பால் நின்று பந்தைப் பொறுக்கிப் போட வேண்டும். எல்லாரும் அடித்து முடித்து, இருட்டு கட்டும் நேரத்தில், 'சரி, நீ ரெண்டு பால் ஆடிக்க' என்று மட்டையைத் தருவார்கள். அந்த இரண்டு பந்துகளுக்காக நான் ஒரு மாலை முழுவதும் ஓடியிருக்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அதுவும் நின்றது. 'இனிமே பசங்களோட என்ன ஆட்டம்? உள்ள வா' என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, விளக்கேற்றும் நேரமாயிற்று என்பதுபோல் இயல்பாகச் சொன்னார். என்னைவிட இரண்டு வயது இளையவனான தம்பி அதற்குள் மூன்றாவது ஆட்டக்காரனாகக் களமிறங்கிக்கொண்டிருந்தான். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் ஓட்டங்களை எண்ணினேன்.

கேட்காமல் கிடைத்த மட்டை

அது 2017-ஆம் ஆண்டு. அப்பா இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் உறங்குவார். அவருடைய கைப்பேசி மேசைமேல் இருக்கும். அதில் தம்பி ஏற்றி வைத்திருந்த ஆட்டம் 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 2'. ஒரு விடுமுறைப் பகலில், ஒலியை அடக்கி, அதைத் திறந்தேன். 'முதலில் மட்டை பிடிக்கிறாயா, பந்து வீசுகிறாயா?' என்று அது என்னைக் கேட்டது. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு கிரிக்கெட் ஆட்டம் என்னைக் கேட்ட கேள்வி அது. அதன் நிறைகளில் முதலாவதாக இதைத்தான் எழுத வேண்டும். அது என் வயதைக் கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. இருட்டும் வரை காக்க வைக்கவில்லை.

இரண்டாவது நிறை, அது எங்கோ வெளிநாட்டில் உருவான பண்டமன்று என்பது. சென்னையில் இயங்கும் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா என்ற நிறுவனத்தின் ஆக்கம். இரண்டாம் பதிப்பு 2015-இலும் மூன்றாம் பதிப்பு 2020-இலும் வந்தன. அதற்கு முன்பு நம் நாட்டு இளைஞர்கள் கணினியில் ஆடித் தீர்த்தது 2006-இல் வெளிவந்த 'கிரிக்கெட் 07'. அதை உருவாக்கியவர்கள் கிரிக்கெட் அதிகம் ஆடாத கனடா நாட்டினர்! மூன்றாம் பதிப்பில் தமிழிலேயே வருணனை கேட்கலாம். வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வருணனையைக் கேட்டு வளர்ந்த என் அப்பா, இதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். 'கைப்பேசியைக் கொடு' என்று அதட்ட வந்தவர், 'இந்தா, ஒரு ஓவர் நான் போடுறேன்' என்று கேட்டது அன்றுதான்.

மூன்றாவது நிறை, அறிவு. எல்.பி.டபிள்யூ என்றால் என்ன என்று மைதானத்தில் எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. ரப்பர் பந்து ஆட்டத்தில் அப்படி ஓர் அவுட்டே கிடையாது. பந்து எங்கே விழுந்தது, காலில் எங்கே பட்டது, படாதிருந்தால் ஸ்டம்பில் மோதியிருக்குமா என்ற மூன்று கேள்விகளையும் திரையில் கோடு போட்டுக் காட்டியதும் விளங்கிற்று. மழை வந்து ஆட்டம் நின்றால் இலக்கு ஏன் மாறுகிறது என்பதும் அப்படியே. ஓர் அணிக்கு இரண்டு செல்வங்கள்: மீதமுள்ள ஓவர்கள், கையிலுள்ள விக்கெட்டுகள். மழை எந்தச் செல்வத்தை எவ்வளவு பறித்தது என்று கணக்கிடும் முறையே டக்வொர்த்தும் லூயிசும் வகுத்து 1997 முதல் வழக்கில் இருப்பது. புள்ளியியல் வகுப்பில் தலைசுற்றும் தோழிகளுக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பாருங்கள், புரியும்.

பந்து வீசுவதில் ஒரு நுட்பம் உண்டு. பந்து விழ வேண்டிய இடத்தைக் குறித்துவிட்டு, ஏறி இறங்கும் அளவுக் கோட்டைச் சரியான நொடியில் நிறுத்த வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் அடி விழும். ஆகவே எதிராளி என்ன எதிர்பார்க்கிறான் என்று எண்ணிப் பார்த்து வீசும் பழக்கம் வருகிறது. இதைக் கெட்ட பழக்கம் என்று எந்த அணியினர் பேசினாலும் நான் ஒப்ப மாட்டேன்.

குறைகள்

நிறைகளைச் சொல்லிவிட்டுக் குறைகளை மறைத்தால் என் சாட்சியம் பொய்ச் சாட்சியமாகிவிடும்.

முதற்குறை, 'இலவசம்' என்ற சொல். எந்த ஆட்டம் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் பிழைக்கின்றன. நல்ல மட்டை வேண்டுமா, நாணயம் வேண்டும். நாணயம் வேண்டுமா, விளம்பரம் பார்க்க வேண்டும். அல்லது காத்திருக்க வேண்டும். அல்லது காசு கொடுக்க வேண்டும். என் தம்பி ஒருமுறை அம்மாவின் கணக்கிலிருந்து சிறுகச் சிறுக 640 ரூபாயைக் கரைத்துவிட்டான். மாதக் கடைசி. அம்மா அடிக்கவில்லை, மளிகைச் சீட்டில் இரண்டு பொருள்களை அடித்தார். அந்தப் பென்சில் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மைதானத்தில் காத்திருந்த நான் பொறுமையைக் கற்றேன். திரையிலோ பொறுமையின்மைக்கு விலை வைத்து விற்கிறார்கள்.

இதனைச் சூதாட்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் வேறு. அவற்றுக்கெதிராகத் தமிழகச் சட்டமன்றம் 2022-இல் நிறைவேற்றிய சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. 2025-இல் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் இயற்றியது. கிரிக்கெட் விளையாடிக் காட்டும் ஆட்டத்தில் பந்தயம் இல்லை. ஆயினும் பையிலிருந்து பணம் போகும் வழி இரண்டிலும் ஒன்றே என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். எங்கள் சுரங்கத்தில் அடியில் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருப்பார்கள். நிறுத்தினால் கரியும் இல்லை, சுரங்கமும் இல்லை. இலவச ஆட்டத்தை ஆடுபவருக்கும் அத்தகைய ஓயாத விழிப்பு வேண்டும்.

இரண்டாவது குறை, பெயர். ஒரு வீரரின் பெயரையும் முகத்தையும் பயன்படுத்த உரிமம் வேண்டும். அது இல்லாதபோது பெயரைத் திரித்துவிடுவார்கள். 'கிரிக்கெட் 07' ஆட்டத்தில் இந்திய அணிக்கு நேர்ந்த கதி அதுவே. நம் ரசிகர்கள் தாங்களே திருத்தங்கள் தயாரித்துப் பெயரையும் சீருடையையும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டார்கள். என் குறை அதனினும் சற்று ஆழமானது. நான் நடத்திய அணிகளெல்லாம் ஆண்கள் அணிகள். நான் அடித்த சதங்களுக்கு மட்டையைத் தூக்கிக் காட்டியது ஓர் ஆணின் உருவம். கேட்காமல் மட்டையைத் தந்த ஆட்டம், என் முகத்தை மட்டும் வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்லிவிட்டது!

மூன்றாவது குறையை என் விரல் அறியும். இவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஒரு நாள், நம் கல்லூரி மைதானம் காலியாக இருந்த வேளையில், மாணவியர் ஐந்தாறு பேர் ஒரு பழைய மட்டையைக் கேட்டு வாங்கினோம். உண்மையான பந்து; தோலும் தையலும் உள்ள பந்து. நான் முதலில் நின்றேன். எட்டாண்டு அனுபவசாலி அல்லவா! பந்து புறப்பட்டது. அளவான நீளம், ஸ்டம்புக்குச் சற்று வெளியே, கவர் திசையில் அடிக்க வேண்டிய பந்து என்று மனம் உடனே கணித்தது. கணிப்பு சரிதான். ஆனால் அந்த நொடியில் அசைந்தது என் தோள் அன்று, வலக்கைக் கட்டைவிரல்! மட்டையின் கைப்பிடியில் அது எதையோ அழுத்தித் தேடியது. பந்து வந்து அந்த விரலிலேயே பட்டது. தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வலியோடு நானும் சிரித்தேன்.

திரை எனக்குக் கண்ணைத் தந்திருந்தது, காலைத் தரவில்லை. பந்து எங்கே வரும் என்று சொல்லித் தந்தது. வரும் பந்துக்கு அஞ்சாமல் நிற்கச் சொல்லித் தரவில்லை. திரையில் தோற்றால் ஆட்டத்தை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். மைதானத்தில் நம்மை வீழ்த்தியவளோடு மறுநாள் ஒரே பெஞ்சில் அமர வேண்டும். அவுட்டா இல்லையா என்று கத்திச் சண்டையிட்டுப் பிறகு ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கவும் திரையில் வழியில்லை.

அமெரிக்கரின் பேஸ்பால் ஒரு பாடம்

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி அமெரிக்கருக்குப் பேஸ்பால். அங்கே அதற்கென்று ஆண்டுதோறும் ஒரு வீடியோ விளையாட்டு வருகிறது, பெயர் 'எம்.எல்.பி. தி ஷோ'. 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒரு காலத்தில் கறுப்பின வீரர்களைப் பெரிய லீகுகளில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தது அமெரிக்கா. 1947-இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கியபோதுதான் அந்தச் சுவர் உடைந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் தமக்கென நடத்திய நீக்ரோ லீக் ஆட்டங்களின் வரலாற்றை, கான்சஸ் நகர அருங்காட்சியகத்தின் தலைவர் பாப் கெண்ட்ரிக் கதையாகச் சொல்ல, அந்த வீரர்களாகவே நாம் ஆடும்படி ஒரு பகுதியை அமைத்தார்கள். 2024-இல் டோனி ஸ்டோன் என்ற பெண்ணும் அதில் இடம் பெற்றார். 1953-இல் இண்டியானாபோலிஸ் கிளௌன்ஸ் என்ற ஆண்கள் அணியில் இரண்டாம் தளத்தைக் காத்தவர் அவர். அதே 2024-இல், சிறிய லீகிலிருந்து படிப்படியாக உயரும் வாழ்க்கைப் பயணத்தை ஒரு பெண்ணாகவே தொடங்கவும் அந்த ஆட்டம் வழி செய்தது.

கிரிக்கெட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'ஆஷஸ் கிரிக்கெட்' ஆட்டத்தில் ஆண்கள் அணிகளோடு பெண்கள் அணிகளும் இடம் பெற்றன.

வரலாற்று மாணவியாகிய எனக்கு இதில் ஒரு செய்தி தெரிகிறது. மைதானம் ஒருவருக்கு மறுத்த இடத்தை, விளையாட்டுத் திரை நினைவூட்ட முடியும். நினைவூட்டுவதற்கு நம்மிடம் கதை இல்லையா? சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி 2013 உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கெதிராக 100 ஓட்டங்கள் எடுத்தார். பெண்கள் உலகக் கோப்பையில் இந்தியர் ஒருவர் அடித்த முதல் சதம் அது. அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் வட்டத்தில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரை எனக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், பன்னிரண்டாம் வயதில் அம்மா 'உள்ள வா' என்றபோது ஒரு வார்த்தையாவது எதிர்த்துப் பேசியிருப்பேன்.

2023-இல் பெண்கள் பிரீமியர் லீக் தொடங்கியது. 2025 நவம்பர் 2-ஆம் நாள் நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கௌர் தலைமையிலான நம் அணி தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியது. அன்று நள்ளிரவு வரை எங்கள் வீட்டில் விளக்கு அணையவில்லை. கடைசி விக்கெட் விழுந்தபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, 'விரல் வீக்கமெல்லாம் வத்திடுச்சா?' என்று மட்டும் கேட்டார். அது ஆகஸ்டிலேயே வற்றிவிட்டது என்று அவருக்குத் தெரியும்.

என் தீர்ப்பு

குணத்தையும் குற்றத்தையும் அளந்தாயிற்று. மிகுதி எது? எனக்கு நிறையே மிகுதி என்பேன். ஆனால் ஒன்றை உடன் சொல்லியாக வேண்டும். அந்த நிறை ஆட்டத்தின் பெருமையால் மட்டும் வந்ததன்று. மைதானத்தின் சிறுமையாலும் வந்தது. பட்டிமன்றத்தில் பேசிய நண்பர்கள், கைப்பேசி பிள்ளைகளை மைதானத்திலிருந்து பிரித்துவிட்டது என்றார்கள். மைதானம் கிடைத்த பிள்ளைகளைப் பற்றி அவர்கள் சொன்னது மெய்யாக இருக்கலாம். என்னைப் பிரித்தது கைப்பேசியன்று. பிரிந்த என்னிடம் எட்டாண்டு கிரிக்கெட்டை உயிரோடு வைத்திருந்ததே கைப்பேசிதான். இன்று மைதானத்துக்குத் திரும்பி வந்தேன் என்றால், திரும்பும் வழியை மறக்காமல் காத்தது அது.

ஆகவே இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, சென்னையில் அமர்ந்து கிரிக்கெட் ஆட்டம் உருவாக்கும் அன்பர்களுக்கு. உள்ளூரில் தொடங்கி உலக அரங்கம் வரை உயரும் பயணத்தை உங்கள் மூன்றாம் பதிப்பில் அமைத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. அந்தப் பயணத்தை இன்னும் சற்றுக் கீழிருந்து தொடங்குங்கள். மூன்று செங்கல்லிலிருந்து, ஒரு வட்டத்துத் திறந்த வெளியிலிருந்து, சடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பந்து பொறுக்க ஓடும் ஒரு சிறுமியிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது விண்ணப்பம் இங்கே, நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் உடன்பயிலும் தோழர்களுக்கும். வாரத்தில் இரண்டு நாள், மாலை 4 மணி முதல் 5 மணி வரை, கல்லூரி மைதானத்தை மாணவியர் கிரிக்கெட்டுக்கு ஒதுக்கித் தாருங்கள். 5 மணிக்கு மேல் எங்களுக்குப் பேருந்து இல்லை. அதற்கு மேல் கேட்கவும் மாட்டோம். ஒரு மட்டை இருக்கிறது. பந்துக்கு நாங்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் சேர்த்திருக்கிறோம். இதுவரை பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எதிரணிக்கு இன்னும் பதினொரு பேர் வேண்டும். மட்டை பிடிக்கத் தெரியாதவர்களும் வரலாம், பந்தைக் கண்டு அஞ்சுகிறவர்களும் வரலாம், நானும் அஞ்சுகிறவள்தான். ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஆட்டத்தில் உப்புக்குச் சப்பாணி என்று எவரும் இருக்கக் கூடாது. வருகிற எல்லாருக்கும், இருட்டுவதற்கு முன்பே, ஆறு பந்துகள் உண்டு.